கடைப் பேர் விஷயமா மகனுக்கு

களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது.

நாங்க சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடிட்டுது, மாத்திரை மாத்திக் குடுத்திருக்காங்க. வட்டைக்குள்ள வெள்ளாமை வெட்டு தொடங்கிட்டுது. இதெல்லாம் போனில சொல்லுற கதைதான், நீ எடுத்தாத்தானே.

எடுக்காததுக்குக் காரணம் எனக்குத் தெரியும் மனே. சின்னம்மாட மகன் படத்தக் காட்டினான். ஸ்கொட்லாந்து பிரிட்டனில இருந்து பிரிஞ்சு தனிநாடாகணுமெண்டு கிளாஸ்கோவில ஊர்வலம், கையில அந்த நாட்டு நீலக்கொடி, பின்னால வியாபாரிமாரிட பதாகை. படத்துக்குக் கீழ உன்ட பேர். அதுக்குப் பக்கத்தில கடைப் பேர். பெத்த தாய்க்கு இது அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்லியா தெரிய வரணும்?

மறுகா அவனையே இருத்தி வச்சு எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லச் சொன்னன். பிஸ்னஸ் போர் ஸ்கொட்லாந்து எண்டு முதலாளிமார் சேர்ந்த அமைப்பாம். 2014 வாக்கெடுப்பிலயும் பிரிஞ்சு போறதுதான் வியாபாரத்துக்கும் நல்லதெண்டு வேலை செஞ்சதாம். அந்த ஆகஸ்ட் கடைசியில 130 முதலாளிமார் வேண்டாமெண்டு பேப்பரில கடிதம் போட, அடுத்த நாளே 200 பேர் வேணுமெண்டு கடிதம் போட்டாங்களாம். எல்லாரும் சொந்தப் பேரோட. இதைக் கேட்டு அப்பா கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல. "விடிய எழும்பி ரெண்டு பகுதியும் கடையத் திறந்தானுகளா?" எண்டு மட்டும் கேட்டார்.

ஏன் கேட்டாரெண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஹர்த்தால் நாளில நம்மட கடைப் பலகைகள் உனக்கு மறந்திருக்காது. ஒண்டில இருந்து ஒன்பது வரைக்கும் வெள்ளைப் பெயின்ரில நம்பர். எட்டையும் மாட்டிட்டு ஒன்பதாம் பலகைய மட்டும் சரிச்சு வச்சு, அந்த இடுக்கால குழந்தைப்பிள்ளைக்காரருக்குப் பால்மாவும் சீனியும் குடுப்பார். பூட்டச் சொல்லி ஒரு பகுதி வரும். ஏன் பூட்டினாயெண்டு மறுபகுதி வந்து பலகைக்கு அடிக்கும். ரெண்டு பேருக்கும் தலையாட்டித்தான் உங்களைப் படிப்பிச்சது. அந்த மனிசன்ட மகன் இண்டைக்குத் தன்ட மனசில இருக்கிறத நடுத்தெருவில நிண்டு சொல்லுறான். எனக்குப் பெருமைதான் மனே. அப்பா வெளியில சொல்லமாட்டார், படத்தத் திரும்பத் திரும்ப வாங்கிப் பாக்கிறார்.

ஆனா கடைப் பேர எடுத்துப்போடு. உன்ட பேர் இருக்கட்டும்.

அங்க வைச்சிருக்கிற பேரும் இங்க பலகையில இருக்கிற பேரும் ஒண்டு. 1983 ஆகஸ்டில நம்மட அரசியலமைப்புக்கு வந்த ஆறாம் திருத்தத்தில, தனிநாடு வெளிநாட்டில இருந்து கேட்டாலும் குற்றம், அசையுற சொத்தும் அசையாச் சொத்தும் போகுமெண்டு இருக்கு. அது இந்த நாட்டைப் பிரிக்கக் கேக்கிறதுக்குத்தான், ஸ்கொட்லாந்துக்கு இல்ல. நீ சொல்லமுதல் நானே சொல்லிட்டன். அங்க 2012ல லண்டன், ஸ்கொட்லாந்து ரெண்டு அரசாங்கமும் உடன்பாட்டில கையெழுத்து வச்சு, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குக் குடுத்து, 2014 செப்டம்பர் 18ல சனத்திட்டக் கேட்டாங்க. 55 வீதம் வேண்டாமெண்டு சொல்ல, எல்லாரும் வீட்ட போனாங்க. நூற்றுக்கு 85 பேர் வாக்குப் போட்டும் ஒரு கடை எரியல்ல. அதெல்லாம் எனக்கு விளங்குது. கட்டுநாயக்கா எயார்போட்டில பாஸ்போட்ட வாங்கிப் பாக்கிறவனுக்கு விளங்குமா? அவன்ட கண்ணுக்குத் தமிழன், கொடி, ஊர்வலம், அவ்வளவுதான்.

அங்க திரும்ப வாக்கெடுப்பு வைக்க லண்டன் சம்மதிக்கணுமெண்டு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 நவம்பர் 23ல எண்டு சின்னம்மாட மகன் வாசிச்சான். நமக்கு அது 1978ல சூறாவளி அடிச்ச நாள். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

இன்னொரு கதை. அங்க பிரிஞ்சா என்ன காசில யாவாரம் செய்யப்போறீங்க? பிரிட்டன்ட பவுண் காசைப் பங்குபோட மாட்டமெண்டு 2014லயே லண்டனில மூண்டு கட்சியும் சொன்னதாம். காசு ஆடினா கடை என்ன பாடுபடுமெண்டு நாங்க கண்டிருக்கம். 2022 மார்ச்சில 200 ரூபா இருந்த டொலர், மே மாதம் 360. காலையில வித்த விலைக்குப் பின்னேரம் சாமான் எடுக்க ஏலாது. உன்னட்ட வேலை செய்யிற பிள்ளைகளுக்குச் சம்பளம் குடுக்கிறவன் நீ. முதலாளிமார் சங்கத்தில இருந்தா முதலில கேக்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்டியா? கூட்டத்தில சும்மா கை தட்டிட்டு வராத.

விட்டுட்டு வா எண்டு நான் சொல்லல்ல. நீ அங்க வரி கட்டுறாய், வாக்குப் போடுறாய், அந்த மண்ணுக்கு எது நல்லமெண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. நம்மட ஆக்களுக்குக் கிடைக்காத உரிமை அது, அதை விடு எண்டு என்ட வாயால வராது. கடைப் பேர மட்டும் எடு. படத்திலயும் எடு, சங்கத்துப் பட்டியலிலயும் எடு.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வாறனெண்டு சொன்னாய். டிக்கெட் போடமுதல் இதைச் செய். ஞாயிற்றுக்கிழமை அப்பா கடை பூட்டி வந்தாப் பிறகு போன் எடு. பவுண் கேள்வி அவர் கேக்கச் சொன்னது, அதை அவரோட கதை. பேர் எடுத்த விஷயத்த எனக்கு மட்டும் சொல்லு, அவருக்கு நான் பயந்தது தெரிய வேணாம்.

அன்புடன்
அம்மா