உடல்வழி மன சிகிச்சைக்குப் போகுமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் உடல்வழி மன சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனதில் பட்ட அடி உடம்பிலும் தங்கிவிடுகிறது, பேசிப் பேசியும் தீராததை உடம்பைக் கவனித்துத் தீர்க்க வழி இருக்கிறது என்று எளிமையாகச் சொல்லியிருந்தீர்கள், நல்லது. ஆனால் படித்துவிட்டு ஒருவர் போக நினைத்தால் யாரிடம் போவது, போய் என்ன கேட்பது, எதற்கு உஷாராக இருப்பது என்று ஒரு வரிகூட இல்லை. நான் திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். கட்டுரை வந்த மறுநாளே என்னிடம் கழுத்து வலிக்கு வருகிறவர்கள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து "அக்கா, இதுக்குப் போகலாமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்றால் அது பழைய பயமாக இருக்கலாம், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகவும் இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் (15 முதல் 49 வயது வரை) பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக வந்தது. அப்படியிருக்க, ஹீமோகுளோபின்கூடப் பார்க்காமல் "உங்கள் உடம்பு அதிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, நெஞ்சு தொடர்பான தொந்தரவு என்றால் ஒரு ஈ.சி.ஜி., இவ்வளவையும் அரசு மருத்துவமனையிலேயே முடித்துவிடலாம். அந்தச் சீட்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் சிகிச்சையாளருக்கும் உதவியாக இருக்கும்.

ஏற்கெனவே மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "உடம்பே சரிசெய்துகொள்ளும், மாத்திரை வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரி மாத்திரைகளை நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம். குறைப்பதாக இருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரி, யாரிடம் போவது? இங்கேதான் ஜனங்கள் ரொம்பக் குழம்புகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மாத்திரை எழுதாமல் பேச்சு, பயிற்சி வழியாக மன சிகிச்சை தருபவர்) என்று போட்டுக்கொள்கிறவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும், கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். ஆனால் 'சொமாட்டிக் தெரபிஸ்ட்', 'ட்ராமா ரிலீஸ் கோச்', 'ப்ரீத்வொர்க் ஃபெசிலிட்டேட்டர்' (மூச்சுப் பயிற்சி நடத்துபவர்) என்றெல்லாம் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ள நம் ஊரில் எந்தப் பதிவும் தேவையில்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்கிற உடல்வழி முறைக்கு முறையான பயிற்சி ஏறக்குறைய மூன்று வருடம் நடக்கிறது, நல்ல பயிற்சிதான், ஆனாலும் அந்தச் சான்றிதழ் மனநோய்க்குச் சிகிச்சை தருவதற்கான உரிமம் ஆகிவிடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: உங்கள் அடிப்படைப் படிப்பும் பதிவும் என்ன, அதற்கு மேல் இந்த முறையை எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள். உண்மையாகப் படித்தவர் இதைக் கேட்டால் சங்கடப்படவே மாட்டார், சுவரில் மாட்டியிருப்பதையே காட்டுவார். முகத்தைச் சுளித்தாலோ, "நம்பிக்கை இல்லாமல் வந்தால் குணமாகாது" என்றாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.

பலன் எவ்வளவு என்பதிலும் நிதானம் வேண்டும். இஸ்ரேலில் நடந்து 2017ல் வெளியான ஓர் ஆய்வில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் உள்ள 63 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒன்றாக 15 அமர்வு சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் கொடுத்துப் பார்த்தார்கள், சிகிச்சை தொடங்காமல் காத்திருந்த மற்றவர்களைவிட அவர்களுக்கு நன்றாகவே தேறியது. நம்பிக்கை தரும் சேதிதான், ஆனால் சின்ன ஆய்வு. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ள 275 பேரை வைத்து 2016ல் வெளியான பெரிய ஆய்வில், குழுவாகச் செய்த உடல்வழி மன சிகிச்சைக்கும் சாதாரண பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று யாராவது போஸ்டர் ஒட்டினால் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு வரும் பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013லேயே பரிந்துரைத்தவை, அந்த நிகழ்வையே மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி.யும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையும். அவை உங்கள் ஊரில் கிடைத்தால் அதையும் விசாரியுங்கள்.

நல்ல சிகிச்சை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸ் விபத்தில் தப்பித்த ஒரு பெண் என்னிடம் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பயிற்சி செய்து தளர்த்தி அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி கல்லாக வந்து நிற்பார். வெளியே ரோட்டில் ஏர் ஹாரன் கேட்டால் போதும், இரண்டு தோளும் காதுவரை ஏறிவிடும், ஏறியது அவருக்கே தெரியாது. உடல்வழி முறையும் படித்த ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அவரே தேடிப் போனார். முதல் அமர்வில் விபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். தூக்கம் எப்படி, மாத்திரை என்ன, வீட்டில் யார் யார், எது நடந்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். அப்புறம் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து, அறையில் கண்ணுக்கு இதமாக எது இருக்கிறது என்று மெல்லத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்களாம். ஜன்னலில் இருந்த ஒரு மணி பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக ஒரு பெருமூச்சு வந்தது, தோள் கொஞ்சம் இறங்கியது, அதோடு அன்றைக்கு முடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர், "இதுக்கா ஆயிரத்துக்கு மேல வாங்குறாங்க?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை, வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். விபத்தின் நினைவுக்குப் போனபோதும் கொஞ்சம் தொட்டுவிட்டு உடனே பாதத்துக்கும் ஜன்னலுக்கும் கூட்டிவந்துவிடுவார்கள், இப்படிப் போய்ப் போய் வருவதே வேலை. மாதங்கள் பிடித்தன. இப்போது அவர் கழுத்தில் நான் செய்கிற வேலையின் பலன் நிலைத்து நிற்கிறது, எனக்கு அதுவே சாட்சி.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. சனி, ஞாயிறு இரண்டே நாளில் 'உடம்பில் தேங்கிய அதிர்ச்சியை வெளியேற்றும்' முகாம் ஒன்றுக்குப் போய்வந்த ஒரு பையன் திங்கட்கிழமை என்னிடம் வந்தான். ஒரு ஹாலில் கும்பலாகப் படுக்கவைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டு, வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் மடங்கி, கட்டைவிரல் உள்ளே இழுத்துக்கொண்டு, வாயைச் சுற்றி மரத்துப்போய்விட்டது. "பழைய வலி வெளியே வருது, விடாதே, இன்னும் இழு" என்றார்களாம். சார், அது பழைய வலி இல்லை. அளவுக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் ரத்தத்தின் அமிலத்தன்மை மாறி, நரம்புகள் துடிப்பாகி, கை கால் இழுத்துக்கொள்ளும். முதலாண்டு மாணவருக்குக்கூடத் தெரிந்த விஷயம், மூச்சை மெதுவாக்கினாலே சரியாகிவிடும். வலிப்பு நோய், இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கர்ப்பம், முன்பு மனச்சிதைவோ, மனநிலை அதீதமாக ஏறி இறங்கும் பைபோலாரோ வந்திருப்பது, இதில் எது இருந்தாலும் இந்த மாதிரி வேக மூச்சுப் பயிற்சிக்குப் போகக் கூடாது. அந்தப் பையனிடம் இதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பணம் கட்டிய ரசீது மட்டும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. இரண்டு மூன்று ராத்திரி தூங்கவில்லை, அம்மாவிடம் எரிந்து விழுந்துகொண்டே இருந்திருக்கிறான், கூப்பிட்டுக் கேட்க முகாமில் ஒரு ஆளும் இல்லை.

தொடுவது பற்றிக் கட்டாயம் பேசியாக வேண்டும். உடல்வழி என்றதும் தொடுவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலான அமர்வுகள் தொடாமலே நடக்கும், தொடாமலே முழு சிகிச்சையும் செய்ய முடியும். தொடுகிற முறையாக இருந்தால் எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்னாலேயே சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். போன வாரம் சரி என்றீர்களே என்பது இந்த வாரத்துக்குச் செல்லாது. உடையைத் தளர்த்தவோ கழற்றவோ எந்தத் தேவையும் கிடையாது, சுடிதாரோ பேன்ட் சட்டையோ போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்து நடப்பதுதான் இது. நாங்கள் தசையைத் தொட்டே பிழைப்பு நடத்துகிறவர்கள், நாங்களே கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று படித்துத்தான் வந்தோம். மன சிகிச்சையில் அது இன்னும் பல மடங்கு முக்கியம், ஏனென்றால் அங்கே வருகிறவர்களில் பலர், கேட்காமல் கை வைத்த ஒருவரால்தான் அங்கே வந்து நிற்கிறார்கள். பெண்கள், பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். துணைக்கு வந்தவர் வெளியே வராந்தாவில் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சிகிச்சையாளர் மனம் கோணுமோ என்று கவலைப்படாதீர்கள்.

அன்றாட விஷயங்களும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பட்டினியாகவும் போகாதீர்கள். அமர்வு முடிந்ததும் டூவீலரை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குள் நுழையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள், சிலருக்குத் தலை லேசாக இருக்கும், சிலருக்கு அழுகை வரும், ஓரிரு நாள் அசதிகூட இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, நினைவுகள் துரத்திக்கொண்டே இருந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், அடுத்த அமர்வில் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். ஆன்லைனில் செய்வதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருக்கிறதா என்று பாருங்கள், நம் வீடுகளில் அது பெரிய விஷயம். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு எண்ணையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். அப்புறம் தமிழில் பேசுகிறவராகப் பாருங்கள். வயிற்றைப் பிசைகிறது, தொண்டையை அடைக்கிறது, அடிவயிறு கலங்குகிறது என்று வாயில் வருகிறதை அப்படியே சொல்ல முடிந்தால் பாதி வேலை சுலபமாகிவிடும்.

பணத்துக்கு வருகிறேன். பத்து அமர்வு, இருபது அமர்வு என்று மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். மூன்று, நான்கு அமர்வு பார்த்துவிட்டு, என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசி மேற்கொண்டு முடிவு செய்வதுதான் நியாயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது, ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் தருகின்றன, இந்த வகை அமர்வுக்குக் கைக்காசுதான் போகும். கட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை, உடல்வழி முறை அங்கே கிடைக்காவிட்டாலும் சரியான நோய் கண்டறிதலும் மருந்தும் ஆலோசனையும் கிடைக்கும். 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை, ஆசிரியர் அவர்களே. 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் இப்படிப்பட்ட முகாம்களின் அறிவிப்பும் அவ்வப்போது வருகிறது. அடுத்த முறை அச்சிடுமுன் நடத்துகிறவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதையும் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த அறிவிப்பைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திருச்சி.