சாஃப்ட்வேர் அப்டேட்ங்கற பேர்ல எங்க சைட்டை படுக்க வச்சது சம்பந்தமா புகார்

வணக்கம் சார்,

நாச்சியார்கோவில்லேர்ந்து எழுதறேன். உங்ககிட்ட வருஷ மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் போட்டிருக்கற குத்துவிளக்கு பட்டறை சைட்டு எங்களுது. டிக்கெட் போட்டா புகார் பதிவாயிடுச்சுன்னு ஒரு ஆட்டோ மெயில் வருது, கொஞ்ச நேரத்துல யாரோ ரிசால்வ்டுன்னு போட்டு மூடிடறாங்க, என்ன ரிசால்வ் ஆச்சுன்னு எங்களுக்கே தெரியறதில்ல. அதான் நேரா மேனேஜருக்கே அனுப்பறேன், நீளமா இருக்கும், முழுசா படிங்க.

எங்களுக்கு சீசனே கார்த்திகை தீபத்துக்கு முன்னாடிதான். ஐப்பசிலயே சிங்கப்பூர், மலேசியாலேர்ந்துல்லாம் ஆர்டர் வர ஆரம்பிச்சிடும். எங்க ஆர்டர் ஃபார்ம் சும்மா பேரு போன் நம்பர் வாங்கற ஃபார்ம் இல்ல சார், எத்தனை அங்குலம், மேல அன்னம் வேணுமா வேற எதாவது வேணுமா, ஒத்தையா ஜோடியா, பேரு வெட்டணுமா, பேரு வெட்டணும்னா தமிழ்லயா இங்கிலீஷ்லயா, இவ்ளோவும் அதுலதான் வரும், அதை பாத்துதான் பட்டறைல வார்ப்புக்கே மண்ணு கட்டுவாங்க. அப்படியாப்பட்ட நேரத்துல எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம, லைவ் சைட்லயே, சைட்டை ஓட்டற சாஃப்ட்வேரான ஜூம்லாவை 3.10லேர்ந்து 4க்கு மாத்தற அப்டேட் பட்டனை அழுத்திட்டு போயிட்டீங்க.

முன்பக்கம் நல்லாத்தான் வந்துச்சு. ஆர்டர் பக்கத்தை தொட்டா வெள்ளையா ஒரு பக்கம், அதுல ஒரு பூஜ்யம், பக்கத்துல ‘ஜேரிக்வெஸ்ட்’ங்கற கிளாஸ் கிடைக்கலன்னு ஒரு வரி, அவ்ளோதான். உங்க சப்போர்ட்ல பேசின பையன் உங்க பிரவுசர்ல கேஷ், அதான் சேத்து வச்சிருக்கற பழைய காப்பியை, கிளியர் பண்ணுங்கன்னான். என் தங்கச்சி மவன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன் பாத்துட்டு சொன்னான், அது பழைய ஜூம்லால இருந்த கிளாஸ், அதாவது ஒரு கோடு துண்டு மாமா, 4ல அதை எடுத்துட்டாங்க, ஃபார்ம் எக்ஸ்டென்ஷன், அதான் ஆர்டர் ஃபார்மை ஓட்டற துணை சாஃப்ட்வேர், பழைய வெர்ஷன்லயே இருக்கு, அது இன்னும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கு, சிங்கப்பூர்காரர் கேஷை கிளியர் பண்ணி என்ன ஆவப்போவுதுன்னு. அவன் சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது, விளக்குல தண்டை மட்டும் புதுசா மாத்திட்டு அகலை பழசாவே விட்டா மரை சேராது, அகல் ஆடிக்கிட்டேதான் நிக்கும். இது எங்க பட்டறைல வேலை கத்துக்கற பையனுக்கே தெரியும் சார்.

இதுல எனக்கு ரொம்ப கோவம் வந்தது எதுலன்னா, 3.10லயே அப்டேட் பக்கத்துல முன்கூட்டி செக் பண்றதுக்குன்னு ஒரு இடம் இருக்காம், எந்த எக்ஸ்டென்ஷன் 4க்கு ஒத்துவரும், எது ஒத்துவராது, எதுக்கு தகவலே இல்லன்னு வரிசையா காட்டுமாம். அதை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். சைட்டை ஒரு காப்பி எடுத்து வேற ஃபோல்டர்ல போட்டு அதுல அப்டேட் பண்ணி பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ரெண்டும் பண்ணல.

அப்பறம் நீங்க பண்ண ரிப்பேர் இருக்கே, அது நோயை விட மோசம். பழைய பேக்கப்பை எடுத்து அப்படியே மேல கொட்டிட்டீங்க. அந்த பேக்கப் புரட்டாசில எடுத்தது. பேக்கப்ல ஃபைலும் இருக்கும், ஆர்டரெல்லாம் பதிவாகற டேட்டாபேஸும் இருக்கும்ல, அதை மொத்தமா திருப்புனா அதுக்கப்பறம் வந்த ஆர்டர் எல்லாம் அழிஞ்சிடும்ல? ஓடாம கிடந்த சைட்டா இருந்தாலும் ஆர்டரெல்லாம் அதோட டேட்டாபேஸ்ல பத்திரமாத்தான் இருந்துச்சு, அந்த ஆர்டர் டேபிளை மட்டுமாவது தனியா எடுத்து வச்சிட்டு திருப்பியிருக்கலாம். மெயில்ல வந்த காப்பி இருந்ததால கொஞ்சத்தை தேடிப் புடிச்சோம், ஆனா மெயில்ல பேரும் போன் நம்பரும்தான் வரும், அங்குலம் அன்னம் விவரமெல்லாம் சைட்டுக்குள்ளதான். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு “அம்மா நீங்க எத்தனை அங்குலம் கேட்டீங்க, கொஞ்சம் மறுபடி சொல்லுங்க”ன்னு கேக்கறது எவ்ளோ கேவலம் தெரியுமா. மலாக்காலேர்ந்து ஒரு அம்மா, போன வருஷமும் நம்மகிட்ட வாங்கினவங்க, ஏன் தம்பி கடையை மூடிட்டீங்களான்னு கேட்டாங்க.

இதுக்கு நடுவுல ரொம்ப கெஞ்சி எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசர் லாகின் வாங்கினோம். இத்தனை வருஷமா எங்களுக்கு குடுத்து வச்சிருந்தது வெறும் மேனேஜர் லாகின், போட்டோ ஏத்தலாம், விலை மாத்தலாம், எக்ஸ்டென்ஷன் மெனுவே கண்ணுல படாது. உள்ள போயி பாத்தாதான் கூத்து. டாஷ்போர்டுல எல்லா எக்ஸ்டென்ஷனும் அப்டேட்டா இருக்குன்னு பச்சையா காட்டுது, நீங்களும் மாசாமாசம் ரிப்போர்ட்ல அதே ஸ்கிரீன்ஷாட்டைத்தான் அனுப்பறீங்க. தங்கச்சி மவன் அப்டேட் சைட்ஸ்னு ஒரு பக்கத்தை தொறந்தான், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எங்கேர்ந்து புது வெர்ஷன் வந்துச்சான்னு பாக்கற லிஸ்ட் அது, அதுல பாதிக்கு மேல ஆஃப்ல கிடக்கு. ஆஃப்ல வச்சா ஜூம்லா அங்க போயி பாக்கவே பாக்காது, பாக்காட்டி பச்சைதான். எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு அப்டேட் தேடு பட்டனை அமுக்கினான், கீழ வரைக்கும் நீளமா ஒரு லிஸ்ட் வந்து நின்னுச்சு, கேலரி, ஸ்லைடர், ஃபார்ம், பேக்கப் எடுக்கறதும் கூட. யாரு ஆஃப் பண்ணாங்கன்னு எனக்கு தெரியாது, ஆனா மாசாமாசம் அந்த பச்சையை காமிச்சு பில்லு போட்டது நீங்கதான்.

ஃபார்ம் எக்ஸ்டென்ஷனை மட்டும் அப்டேட் பண்ண பாத்தோம், டவுன்லோட் ஆவல, காசு குடுத்து வாங்கற எக்ஸ்டென்ஷன்கறதால டவுன்லோட் கீ கேக்குது, கீ போடற கட்டம் காலியா இருக்கு. உங்க பில்லை எடுத்து பாருங்க, எக்ஸ்டென்ஷன் லைசென்ஸ் ரினியூவல்னு ஒரு வரி தனியா இருக்கு, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் இருக்கு. கேட்டா கீ கம்பெனி அக்கவுண்ட்ல இருக்கு சார், கஸ்டமருக்கு குடுக்கறதில்லங்கறாங்க. நான் காசு குடுத்த லைசென்ஸ் என் சைட்டுல இல்லாம உங்க அக்கவுண்ட்ல இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

உபயோகத்துல இல்லாத எக்ஸ்டென்ஷனும் நிறைய கிடக்கு, முன்னாடி யாரோ டிசைனர் போட்ட பாப்பப், எப்பவோ வச்ச விசிட்டர் கவுண்ட்டர். டிசேபிள் பண்ணி வச்சிருக்கோம்ல சார்ங்கறான் உங்க ஆளு. டிசேபிள் பண்ணாலும் ஃபைலு சர்வர்லதான இருக்கு, அதுல ஓட்டை இருந்தா நேரா அந்த ஃபைலையே கூப்புட்டு உள்ள வந்துடுவான்ல. அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

இப்ப திருப்பி 3.10லயே உக்கார வச்சிட்டு ஓடுதுல்ல, விடுங்கங்கறீங்க. 3.10க்கு 2023 ஆகஸ்ட் 17ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, ஜூம்லா ஓடறதுக்கு சர்வர்ல இருக்கற பிஎச்பிங்கற மொழி 7.4 வெர்ஷன், அதுக்கு 2022 நவம்பர்லயே முடிஞ்சாச்சு. சரி 4க்கு மறுபடி போலாம்னு ஆரம்பிச்சிடாதீங்க, 4க்கும் 2025 அக்டோபர்ல முடிஞ்சிடுச்சு. 4 வழியா 5க்கு போற வரைக்கும் வேலையை முடிக்கணும், அதுக்கு தக்கன பிஎச்பியும் ஏத்தணும், எல்லாம் முதல்ல காப்பில, நாங்க ஃபார்ம்ல டெஸ்ட் ஆர்டர் போட்டு பாத்து சரின்னு சொன்னப்பறம்தான் லைவ்ல. தை பொறந்தா கல்யாண சீருக்கு ஜோடி விளக்கு ஆர்டர் வரும், அதுக்குள்ள முடிச்சாவணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, வேற ஆளை பாத்துக்கறோம், ஆனா எப்படியும் சூப்பர் யூசர் லாகினை நிரந்தரமா எங்க பேர்ல குடுங்க, லைசென்ஸ் கீயை குடுங்க, இல்ல ரினியூவல்னு வாங்கின காசை திருப்பி குடுங்க. உடைஞ்ச சைட்டோட டேட்டாபேஸ் உங்க ஹோஸ்டிங் பேக்கப்ல எங்கயாவது மிச்சம் இருக்கான்னு தேடுங்க, இருந்தா அதுலேர்ந்து அந்த ஆர்டர் டேபிளை மட்டும் எடுத்து அனுப்புங்க, மத்ததை விட இதுதான் எனக்கு அவசரம்.

பொங்கலுக்குள்ள பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணிட்டு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்கு போவேன், பில்லு, ரிப்போர்ட், அப்டேட் சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். பதிலை மெயில்லயே போடுங்க, போன்ல வேணாம், போன்ல சொன்னது எதையும் உங்க ஆளுங்க மறுநாள் ஒத்துக்கறதில்ல.

இப்படிக்கு,
குத்துவிளக்கு பட்டறை,
நாச்சியார்கோவில்