அந்த மின்னஞ்சல் வந்தது நல்லதுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒரு தாய் எழுதியிருந்தார். மகன் படிக்கும் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்ததாம்: கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்கிறது, அதற்கான ஆவணம் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கிறது என்று. இரவெல்லாம் தூக்கமில்லை, வேறு பள்ளி பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நியூ ஜெர்சியில் ஒரு சின்னப் பள்ளியில் கட்டடப் பராமரிப்புதான் என் வேலை. எங்கள் பள்ளிப் பெற்றோருக்கு அந்த மின்னஞ்சலை வருடாவருடம் எழுதி அனுப்புகிறவன் நான்தான்.

அம்மா, அது ஆபத்து வந்துவிட்டது என்ற அறிவிப்பு இல்லை. பள்ளிக் கட்டடங்களில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பற்றி 1986இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. எங்கள் தொழிலில் அஹீரா என்போம். பொதுப் பள்ளியோ லாப நோக்கில்லாத தனியார் பள்ளியோ, பெற்றோர், ஆசிரியர், ஊழியர் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை இப்படித் தெரிவித்தே ஆகவேண்டும். அந்தத் தாளை அனுப்பும் பள்ளியில் யாரோ ஒருவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். எனக்குத் தூக்கம் கெடுவது, பழைய கட்டடத்தில் இருந்துகொண்டு அதை அனுப்பாத பள்ளிகளை நினைத்துத்தான்.

‘இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் பெயர்த்து எறியவில்லை?’ என்றும் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் இருப்பதையெல்லாம் பெயர்த்தெடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி, எந்த நிலையில் இருக்கிறது என்று பார், கலைக்காமல் வைத்துக்கொள், எல்லாவற்றையும் எழுதி வை என்கிறது. கல்நார் கேடு செய்வது அதன் நுண்ணிய நார் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும்போது. பழைய பள்ளிகளின் 9 அங்குலத் தரை டைலை எடுத்துக்கொள்ளுங்கள். நார் அதற்குள் இறுகிக் கிடக்கும்; உடைக்காமல், தேய்க்காமல் விட்டால் வெளியே வராது. பாய்லர் குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறை அப்படியில்லை. பழசானது என்றால் விரலால் அழுத்தினாலே பொடியாகும். இரண்டையும் ஒரே மாதிரி பார்த்து அவசரத்தில் அரைகுறையாகப் பெயர்ப்பது, விட்டுவைப்பதைவிட மோசம். நோய் வெளியே தெரிய 20, 30, 40 வருடங்கள்கூட ஆகும். அதனால்தான் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு இவ்வளவு எச்சரிக்கை. அவர்கள் முன்னால் அத்தனை வருடங்கள் இருக்கின்றன.

நான் படித்தது விழுப்புரம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பள்ளிக்கூடத்தில். ஒரு கோடை மழையில் கிளை விழுந்து ஷீட் உடைந்தது. துண்டுகளை நாங்கள்தான் பொறுக்கிப் போட்டோம். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு தரையில் பாண்டிக் கட்டம் கிழித்தது இன்றும் நினைவிருக்கிறது. இந்த வேலைக்கு வந்து பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் வந்தது அந்தக் கட்டங்கள்தான்.

சரி, அலுவலகத்தில் இருக்கும் அந்த ஆவணத்துக்கு வருகிறேன். எங்களுக்கு அது ‘பைண்டர்’. எந்த அறையில் எந்தப் பொருள் என்ற வரைபடம், ஆய்வக முடிவுகள், செய்த பழுதுபார்ப்பு, யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 3 வருடத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் வந்து முழுக் கட்டடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். இடையில் 6 மாதத்துக்கு ஒரு தடவை நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றுவேன். தேதி, என் பெயர், நிலையில் மாற்றம் உண்டா என்று எழுத வேண்டும். பெரும்பாலும் ‘மாற்றம் இல்லை’ என்றே எழுதுவேன். பக்கம் பக்கமாக ‘மாற்றம் இல்லை’ படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் மாற்றம் இருந்தால், அது எந்த ஆறு மாதத்துக்குள் நடந்தது என்று சொல்ல அந்த அலுப்பான பக்கங்கள்தான் இருக்கின்றன.

முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பைண்டரில் 4 வருடப் பதிவு இல்லை. எது எங்கே என்பது ஒரு மூத்த கஸ்டோடியனின் (கட்டடத்தைத் துப்புரவாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) தலைக்குள் இருந்தது. அவர் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்த கோடையில் நெட்வொர்க் கேபிள் இழுக்க வந்தவர் சுவரில் துளை போட்டுக்கொண்டே போனார். அவரிடம் யாரும் எதையும் காட்டவில்லை. குறுகிய நாள் வேலைக்கு வருகிறவருக்குக்கூட இடத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கத்து வகுப்பறைகளை மூடி, காற்றுச் சோதனை செய்து, திறக்கப் பல நாள் ஆனது. துளை போட்டவர் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று நினைப்பவர்களுக்கு: 1993இல் நியூயார்க் நகரத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வுகளை நம்ப முடியாது என்று தெரிந்து, சுமார் 10 லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதையே 11 நாள் தள்ளிப்போட்டார்கள். 2025 ஜூனில் பிலடெல்பியா பள்ளி மாவட்டத்தின் (அந்நகரப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மேல் மத்திய அரசு குற்ற வழக்கே பதிவு செய்தது. குறித்த காலத்தில் ஆய்வு செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. நிபந்தனைகளோடு வழக்கை நிறுத்திவைக்கும் உடன்பாட்டில் மாவட்டம் கையெழுத்திட்டது.

புதுக் கட்டடம்தானே என்று இருப்பவர்களும் உண்டு. 1988 அக்டோபர் 12க்குப் பிறகு கட்டிய பள்ளியாக இருந்தாலும், ஆஸ்பெஸ்டாஸ் பொருள் எதையும் குறிப்பிடவில்லை என்று கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்துப் போட்ட தாள் கோப்பில் இருக்க வேண்டும். அந்த ஒரு தாளைத் தேடி ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

ஆகவே, அம்மா, பள்ளியை மாற்ற வேண்டாம். அலுவலகத்துக்கு எழுதி, பைண்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 5 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் ஆய்வு கடைசியாக நடந்த தேதியையும், ஆறு மாதப் பதிவுகளில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். அப்புறம் மகனின் வகுப்பறை எண்ணைத் தேடுங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் பைண்டரைக் கேட்டு வந்த பெற்றோர் இரண்டே பேர். ஒருவர் பிளம்பர்.

கடைசியாக, நம்மவர்களுக்கு ஒன்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல இந்தப் பொதுப் பள்ளிக் கட்டடங்களில்தான் வாடகைக்கு நடக்கின்றன. வருடாந்தர அறிவிப்பு போக வேண்டியவர்களின் பட்டியலில் வாடகைக்கு வருகிறவர்கள் இல்லை. ஞாயிறுதோறும் நூறு பிள்ளைகளை அங்கே உட்கார வைக்கும் நமக்கு அந்தத் தாள் வராது. நாமாகக் கேட்டால்தான் உண்டு. இரண்டு வருடம் முன் பொங்கல் விழாவுக்குத் தோரணம் கட்ட நம் தன்னார்வலர் ஒருவர் மேசைமேல் ஏறி உள்கூரைப் பலகையைத் தள்ளிக் கயிறு நுழைத்தார். கஸ்டோடியன் ஓடிவந்து கத்தியதை நாங்கள் முரட்டுத்தனம் என்று நினைத்து, மனம் வருந்தி, புகார் எழுதும் வரை போனோம். என் தொழிலே இதுவாக இருந்தும், ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு நின்றபோது எனக்கும் அது உறைக்கவில்லை. மறுநாள் பைண்டரைக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கூரைக்கு மேலே போகும் குழாய்களின் உறை பட்டியலில் இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு இரண்டு இரும்புக் கம்பங்களை நிறுத்தித் தோரணம் கட்டினோம். நடுவில் கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தது. கஸ்டோடியனுக்குச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு கிண்ணம் போனது.

இப்படிக்கு,
ஒரு பள்ளிப் பராமரிப்பாளர்,
நியூ ஜெர்சி