செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் விவசாயிகள் சங்கத்தின் நடவடிக்கைகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆண்டில் ஐந்து முறை கூட்டப்பட்டது. அவற்றில் இரண்டு, போதிய உறுப்பினர் வராததால் கலைந்தன. சொட்டுநீர் மானியத்துக்கான விண்ணப்ப முகாம் ஆனி மாதம் நடைபெற்றது. மண் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு முடிவுகள் உரியவர்களிடம் வழங்கப்பட்டன. ஆண்டுக்குள் காலமான மூத்த உறுப்பினர் இருவருக்கும் அஞ்சலி செலுத்தப்பட்டது.

ஆண்டின் முக்கியப் பணி, தாராபுரம் சாலையை ஒட்டிய நம் தோட்டங்களிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு செல்லும் கூட்டு வண்டித்தடம் ஆகும். இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் தடம் தோற்றுவிட்டது என்று டீக்கடையில் பேசப்படுவதாக அறிகிறேன், தோற்கவில்லை என்பதற்கான கணக்கு என் நோட்டில் இருக்கிறது.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர்கள். ஒரு பறிப்புக்கு 14 கிலோ தக்காளிப் பெட்டி இருபது தேறினால் அதிகம். அந்த இருபது பெட்டிக்கு குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றைத் தனியாகப் பிடித்தால் நடைக்கு 900 ரூபாய், அதாவது பெட்டிக்கு 45 ரூபாய். விலை விழுந்திருக்கும் நாளில் வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன் மூன்றும் போகக் கையில் நிற்பது பறித்த ஆளுக்குக் கொடுக்கும் கூலிக்கே பற்றாது. காயை வரப்பிலேயே கொட்டியவர்களும் நம்மில் உண்டு. பிக்கப் வண்டிக்கு நடைக்கு 1,600 ரூபாய் என்றாலும் அது எண்பது பெட்டி ஏற்றும் என்பதால், நிறைய ஏற்றினால் பெட்டிக்கு 20 ரூபாயில் முடிந்துவிடும். கூட்டுத் தடத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். ஆனால் அந்த எண்பது பெட்டியும் நேரத்துக்குச் சாலையில் வந்து நிற்க வேண்டும்.

சித்திரையிலும் வைகாசியிலும் டி.வி.எஸ். 50-இல் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நானே சென்று, தூரம், மண்பாதையின் நிலை, பயிர், பறிப்பு நாள் ஆகியவற்றைக் குறித்தேன். பெட்ரோல் செலவை நான் கேட்கவில்லை. பால் வண்டி போவதைப் போலக் கடைக்கோடித் தோட்டத்தில் தொடங்கி மார்க்கெட்டை நோக்கி வரும்படி ஆறு நிறுத்தங்கள் வகுக்கப்பட்டன. ஒரு சந்துக்குள் வண்டி நுழைந்து திரும்பப் பத்து நிமிடம் போய்விடும் என்பதால், நிறுத்தங்கள் எல்லாம் தார்ச்சாலையிலேயே அமைந்தன. அதுவரை பெட்டியைக் கொண்டு வருவது அவரவர் பொறுப்பு.

முதல் வாரத்திலேயே நான் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. முருங்கைத் தோட்டங்கள் கடைக்கோடியில் இருப்பதால் முருங்கைக் கட்டுகள் முதலில் ஏறின. வழியில் ஏறிய தக்காளிப் பெட்டிகள் அவற்றின் மேல் அடுக்கப்பட்டு, மார்க்கெட்டில் இறக்கும்போது பாதிக் காய் ஒடிந்திருந்தது. ஓட்டுநரின் யோசனைப்படி கேபினுக்குப் பின்னால் இரண்டு பலகை அடித்து முருங்கைக்குத் தனி இடம் ஒதுக்கினோம். வெண்டைச் சாக்குகளை, வெந்து போகாதபடி காற்றுப் படும் ஓரத்தில் நிறுத்தினோம். அதன் பின் ஒடிசல் பற்றிப் புகார் வரவில்லை. பலகைக்கும் ஆணிக்கும் ஆன தொகை சங்கக் கணக்கில் உள்ளது.

வாடகையைப் பங்கிடுவதில்தான் மனத்தாங்கல் தொடங்கியது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், தூரத்துக்காரருக்கும் தங்களுக்கும் ஒரே 20 ரூபாயா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கடைக்கோடியின் முப்பது பெட்டி இல்லாவிட்டால் வண்டியில் மிஞ்சுவது ஐம்பது; அப்போது பெட்டிக்கு 32 ரூபாய் ஆகும் என்பதை ஆடி மாதக் கூட்டத்தில் எழுதியே காட்டினேன். கேள்வி கேட்டவர்கள் அன்றைய கூட்டத்துக்கு வரவில்லை.

செப்டம்பரில் ஓணத்தை ஒட்டிக் கேரளக் கொள்முதல் சூடு பிடித்தபோது, மண்டியில் முன்பணம் வாங்கியிருந்த சிலர் அந்த மண்டி அனுப்பிய வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கடன்பட்டவர் நிலை எனக்கும் தெரியும், நானும் ஒரு காலத்தில் அப்படி ஏற்றியவனே. முதல் நாள் ஒரு போன் செய்திருந்தால் பாதி காலியாக வண்டி ஓடியிருக்காது என்பதே என் வருத்தம். இன்னொரு நாள் மூன்றாவது நிறுத்தத்தில் ஓர் உறுப்பினர் காயைக் குவித்து வைத்து அப்போதுதான் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். “இதோ ரெண்டே நிமிசம்” என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. நல்ல விலைக்கு எடுப்பவர்கள் எடுத்து முடித்த பிறகே எங்கள் வண்டி மண்டிக்குள் நுழைந்தது. ஒருவருக்காக அன்று பதினோரு பேர் விலையை இழந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஓடைத் தரைப்பாலம் மூழ்கியதால் ஒன்பது நடைகள் சுற்றுப்பாதையில் சென்றன. கூடுதல் வாடகையைச் சங்கமே ஏற்றது. காயோடு ஆளும் பின்னால் ஏறிப் பயணம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதால் அனுமதிக்கவில்லை. இதற்காக என்னிடம் பேசாமல் இருப்பவர்களுக்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. காயை ரயிலில் அனுப்பலாம் என்ற யோசனையும் செயற்குழுவில் வந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குத் தொடங்கிய கிசான் ரயில் போன்றவை பல நூறு மைல் போகும் சரக்குக்கு ஏற்றவை. நம் கஷ்டமோ முதல் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது.

திரும்பும் வண்டி காலியாக வரக்கூடாது என்று காலிப் பெட்டிகளோடு மாட்டுத்தீவனமும் புண்ணாக்கும் ஏற்றி வந்ததில் வாடகையில் ஒரு பகுதி ஈடாயிற்று. தீவனம் பெற்றவர்களில் சிலர் இன்னும் பணம் தரவில்லை. மாடுகள் அதைத் தின்று முடித்து மாதங்கள் ஆகின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததை விடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, கையிருப்பு சிறு தொகை. ஆண்டுச் சந்தா 200 ரூபாயைச் செலுத்தியவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. பெயர்ப் பட்டியல் என்னிடம் உள்ளது, இவ்வாண்டும் அதை வாசிக்கப் போவதில்லை. சென்ற பொதுக்குழுவுக்கு அறுபது நாற்காலி வாடகைக்கு எடுத்து இருபத்து மூன்று பேர் அமர்ந்தோம் என்பதால், இம்முறை முப்பதுதான் சொல்லியிருக்கிறேன்.

தலைவர், பொருளாளர், வேளாண்மை மற்றும் தோட்டக்கலைத் துறை அலுவலர்கள், கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர், பொறுமை காத்த ஓட்டுநர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில், சிறிய அளவில் காய் பறிக்கும் உறுப்பினர்களுக்காகப் பழனி உழவர் சந்தைக்கு வாரம் இரு நடை விட எண்ணம் உள்ளது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்தே இச்சந்தைகளில் கமிஷன் கிடையாது. விலையும் மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்று நிற்கும். நம் பெண் உறுப்பினர்கள் சிலர் டவுன் பஸ்ஸில் மூட்டையோடு போய் வருகிறார்கள். அவர்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் கட்டணம் இல்லை, ஆனால் மூட்டைக்கு இடம் கிடைப்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. விற்பனைக்கு உழவர் அட்டை அவசியம். விண்ணப்பத்தை எழுதித் தர நான் தயார்.

பிக்கப் உரிமையாளர், ஆடிக்கு முன் பதினைந்தாயிரம் முன்பணம் கொடுத்தால்தான் அடுத்த பருவத்துக்கு வண்டியை நமக்கென்று ஒதுக்குவதாகச் சொல்லிவிட்டார். கையிருப்பு அதற்குப் போதாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் தடத்தின் நோட்டையும் நிறுத்தங்களின் வரைபடத்தையும் இன்றே ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த பருவத்தில் தடத்தில் சேர விரும்புவோர் பெயர், நிறுத்தம், பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றைத் தம் கையாலேயே எழுதுவதற்காக அந்த நோட்டு வரும் பத்தாம் தேதி வரை சங்க அலுவலகத் திண்ணையில் இருக்கும். பேனாவும் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்