செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி விவகாரமும் அவர் பொறுப்பு. நான் அதற்குள் போகவில்லை.

முதலில் ஒரு தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் கழியோரத் திடலில் நட்ட சுரபுன்னை என்ற அலையாத்தி மரக் கன்றுகள் சித்திரையைத் தாண்டவில்லை. இடத்தைப் பார்த்தவன் நான்தான். கால் புதையாத தரை, நடுவதற்கு வசதி என்று நினைத்தேன். அங்கே ஒரு சுரபுன்னைகூடத் தானாக முளைக்காதது ஏன் என்று யோசிக்கவில்லை.

அந்தக் கேள்விக்காகவே தை மாதம் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனோம். வனத்துறை அனுமதியோடு, வாய்க்கால் விளிம்பிலிருந்து உள்ளே கயிறு பிடித்து நடந்தோம். விளிம்பில் வேர்களையே முட்டுக்கால்களாக ஊன்றி நிற்கிறது சுரபுன்னை. சில அடி தள்ளி வெண்கண்டல் மரம். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்கள். அதன் இலை வழியே உப்பு கசிகிறது. நக்கிப் பார்த்த ஒரு பையன் 'ஊறுகாய் இலை' என்று பெயரே வைத்துவிட்டான். அப்பால் உமரிச் செடி, பிறகு உப்புப் பூத்த வெறுந்தரை. இத்தனைக்கும் தரை முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. விளிம்பில் ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், தினமும் வந்து கழுவிப் போகிறது. மேட்டுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏறும். வந்த நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் தங்கும். நம் கன்றுகளையும் அதுபோன்ற மேட்டில்தான் நட்டிருக்கிறோம்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயர் தந்த தில்லை மரத்தையும் நிலப்பக்கம் பார்த்தோம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று முன்பே சொல்லியும் ஒருவர் கிளையை ஒடித்தார். நல்லவேளை, கையில் கொப்புளத்தோடு போயிற்று.

முன்பு இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில்பட்ட மண் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் ஓதநீர் தேங்கி உப்பேறியதில் மரம் திரும்பவில்லை. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழிவிட்ட பிறகே பசுமை மீண்டது. நாமோ நீரைப் பார்க்காமல் கன்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆகவே வரும் ஆண்டில் நடவு இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் திடலில் குச்சி நட்டு, நீர் எதுவரை ஏறுகிறது என்று குறிப்போம். வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். போன நடவில் எடுத்துப்போன மண்வெட்டிகள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்