குளிருக்கு முன் ஆயிலை மாற்றிவிடு

அன்புள்ள பாஸ்கர்,

இங்கே அனைவரும் நலம். உன் தோள்வலி குறைந்ததில் மகிழ்ச்சி. குளிர் வருகிறதென்று வண்டிக்கு இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றப் போவதாக நீ எழுதியிருந்த வரியைப் படித்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. அது சேகர் அண்ணனின் யோசனையாகத்தான் இருக்கும். ஸ்கூட்டர் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டோம், சரி. இதில் மட்டும் வேண்டாம்.

டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், அந்த 40 என்பது ஆயில் 100 டிகிரிக்குச் சூடேறிய பின் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. விடியற்காலையில் செல்ஃப் அடிக்கும்போது உனக்கு வேண்டியது, குளிர்காலத்தைக் குறிக்கும் அந்த டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்; அது சிறிதாக ஆக, அதிகக் குளிரிலும் ஆயில் ஓடும். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தரப்படி 15டபிள்யூ ஆயிலில் இன்ஜின் சுழலுமா என்பதை மைனஸ் 20 டிகிரியிலும், பம்ப்பினால் அதை இழுக்க முடியுமா என்பதை மைனஸ் 25 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். 5டபிள்யூவுக்கு அவை மைனஸ் 30, மைனஸ் 35. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35, மைனஸ் 40. உங்கள் பக்கம் இரவில் மைனஸ் 25 வரை இறங்கும் என்கிறாய். அந்தக் குளிரில் பேட்டரியின் பலமும் பாதிக்குக் கீழே போய்விடும். அதையும் மீறி இன்ஜின் கிளம்பிவிட்டால்தான் எனக்கு அதிக பயம்: கூழாகிப்போன ஆயிலில் பம்ப் தன் வாயருகே இருப்பதை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், சுற்றியுள்ளது நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது, பிறகு காற்றைத்தான் இழுக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் அந்த நேரத்தில் வறண்டு சுழல்வதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து பார். அதில் அனுமதித்திருக்கும் கிரேடுகளில் டபிள்யூ எண் மிகச் சிறியதை எடுத்துக்கொள். இன்ஜினுக்கு 40தான் வேண்டுமென்றால் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆகியவையும் கிடைக்கின்றன. உன்னுடையது புகை வடிகட்டி உள்ள டீசல் என்பதால், அந்த வடிகட்டியை அடைக்காத, சாம்பல் குறைந்த ஆயிலா என்பதைக் கையேட்டில் உள்ள குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கிரேடைப் போலவே முக்கியம். மினரல் என்னும் சாதாரண ஆயிலிலிருந்து, செயற்கையாகத் தயாரித்த சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினால் இன்ஜின் கெட்டுவிடும் என்ற பேச்சை நம்பாதே. உள்ளே தங்கும் கொஞ்சம் பழைய ஆயிலோடு அது கலப்பதால் தீங்கில்லை, இன்ஜினின் உட்புறத்தைத் தனியாகக் கழுவி ஃப்ளஷ் செய்யவும் வேண்டாம்.

மாற்றும் நாளில் வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்துவிடு. அழுக்கும் அதோடு இறங்கிவிடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று விரலால் தடவிப் பார். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதிய ஃபில்டரை அதன்மேல் முடுக்கிவிட்டால் ஆயில் முழுவதும் தரையில்தான். வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போடு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்ட விடாதே.

இன்னொன்று. கூப்பிடு தூரத்துக்கெல்லாம் வண்டியை எடுக்கும் பழக்கத்தை இந்தக் குளிரிலாவது விடு. இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்தினால் ஈரம் ஆயிலிலேயே தங்கி, மூடியின் அடியில் வெண்ணெய்போலப் படியும். அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்டினால் அது ஆவியாகிவிடும்.

கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. எந்த ஆயில் என்று சேர்ந்து முடிவு செய்த பிறகு வாங்கலாம். பனி இறுகுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
ரவி