தோற்காத அணியை வெளியே நிறுத்திய அந்த விதியை எடுத்துவிடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிளேஆஃப் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். தேசியக் கோப்பைக்கு ஆடும் நான்கு அணிகளை அறிவித்து, ஃப்ளோரிடா ஸ்டேட் அணியை வெளியே நிறுத்தி 2023 டிசம்பர் 3 அன்று நீங்கள் வெளியிட்ட பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல். முடிந்துபோன சீசனை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த முடிவுக்கு வழிவிட்ட விதி இருக்கும்வரை இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த சீசனில் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. ஆர்லாண்டோவில் எல்.எஸ்.யூ. (லூயிசியானா ஸ்டேட்) அணியை 45-24 என்று அடித்தது. கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரம் வரை போய் 31-24 என்று வென்றது. 2021-ல் முதல் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்ற அணி இது. பயிற்சியாளர் மைக் நார்வெல் அதை இரண்டே ஆண்டில் இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில், பந்தைக் கையால் வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்தது. முதலில் 0-13 என்று பின்தங்கியிருந்த அதே ஆட்டத்தை அணி 58-13 என்று முடித்தது. அடுத்த வாரம் மாற்று குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரை வைத்து ஃப்ளோரிடாவை வென்றது. அப்புறம் அவருக்கும் தலையில் அடி. அவர்களுடைய கான்ஃபரன்ஸான (தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் குழு) ஏ.சி.சி.யின் இறுதி ஆட்டத்துக்கு மிச்சமிருந்தவர் முதலாமாண்டு மாணவர் பிராக் கிளென். அன்று சார்லட்டில் அவர் 21 பாஸ் வீசி 8 தான் சேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. ஆனால் தடுப்பு வரிசையைப் பாருங்கள்: பிரேடன் ஃபிஸ்க் ஒருவரே எதிரணி குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். எதிரணி லூயிவில்லால், பந்தை எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூடப் போட முடியவில்லை. 16-6. ஒரு அணியின் பலம் எதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறுநாள் நீங்கள் அவர்களை ஐந்தாவது இடத்தில் வைத்தீர்கள். இடமோ நான்குதான். ஆளுக்கொரு தோல்வியோடு வந்த டெக்சஸும் அலபாமாவும் உள்ளே போயின. ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் சாம்பியன், ஒரு தோல்வியும் இல்லாமல் வெளியே நின்றது அதுதான் முதல் முறை. தன் கால் இன்னும் முன்னாடியே முறிந்திருக்கக் கூடாதா, தான் இல்லாமலும் அணி எவ்வளவு நன்றாக ஆடும் என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று டிராவிஸ் எழுதினார். ஒரு மாணவனை அப்படி எழுத வைத்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிளேஆஃபுக்கு வெளியே, சீசன் முடிவில் ஆடிய ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே என்று சொல்லாதீர்கள். இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று களத்திலேயே இல்லை. உங்கள் முடிவுக்குப் பிறகு நடந்த ஆட்டத்தை வைத்து அந்த முடிவை நியாயப்படுத்தவும் முடியாது.

2014-ஐ நினைத்துப் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்து விஸ்கான்சினை 59-0 என்று வென்றது. உங்கள் குழு அவர்களை நான்காவதாக எடுத்தது. அவர்கள் அலபாமாவையும் ஆரெகனையும் வீழ்த்திக் கோப்பையை வாங்கினார்கள். குவார்ட்டர்பேக் இல்லாத அணி என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது என்பதற்கு உங்கள் முதல் பட்டியலே சாட்சி.

முக்கிய வீரர் இல்லாதது அணியின் ஆட்டத்தை ஏற்கெனவே பாதித்திருந்தாலும், இனிப் பாதிக்கக்கூடும் என்றாலும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது உங்கள் விதி. முதல் பாதி சரி, அது நடந்ததைப் பற்றியது. இரண்டாவது பாதி வெறும் ஊகம். 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள் ஆகிவிட்டன, உண்மைதான். ஆனால் யார் முதல் சுற்றை ஆடாமலே தாண்டுவது, யார் சொந்த மைதானத்தில் ஆடுவது, கடைசி இடம் யாருக்கு என்பதெல்லாம் இன்னமும் உங்கள் வரிசையை வைத்துத்தான்.

அந்த இரண்டாவது பாதியை நீக்குங்கள். அடுத்த சீசனின் முதல் பட்டியல் வருவதற்குள் நீக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகர்